முழங்கைப் படங்கள்

இசைவாணியின் குரலைக் கேட்டதுமே அடையாளம் கண்டுகொள்கிறவர்கள் தோஹாவிலும் மஸ்கட்டிலும் இருந்தார்கள். ஆலங்குடியில் அவளை மோட்டாருக்குக் காயில் கட்டும் ரகுநாத்தின் மனைவி என்றுதான் தெரியும். கடைக்கு மேலே மாடியில் வீடு. மத்தியானம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஹாரன் சத்தம் கொஞ்சம் அடங்கும் நேரத்தில் பீரோவைத் திறந்து, தொங்கும் சேலைகளுக்கு நடுவே மைக்கை வைத்து, தலையையும் உள்ளே நுழைத்துக்கொண்டு பேசுவாள். எதிரொலியைச் சேலைகள் விழுங்கிவிடும். தாய்லாந்துச் சண்டைப் படங்களின் கதையைத் தமிழில் சொல்லும் சேனல் அவளுடையது. பார்க்கிறவர்கள் அவளை ‘அடிதடி அக்கா’ என்றார்கள்.

பெண் குரலில் சண்டைப் படமா என்று முதலில் சிரித்தவர்கள்தான் பிறகு விடாமல் வந்தார்கள். வீடியோவைவிட அதன் கீழே நடக்கும் சண்டை பெரிது. “கயிறு கெடையாது, கிராபிக்ஸ் கெடையாது, நெசமாவே மாடியிலேர்ந்து விழுறான்யா. நம்மாளு காத்துல பறந்தா விசில் அடிக்கிறோம். இவனுக்கு யாரு அடிக்கிறது?” என்று ஒருவர் எழுதுவார். “அண்ணனைக் கொன்னுட்டாங்க, தேடிப் போயி அடிக்கிறான். இதை விட்டா இவங்ககிட்ட கதையே இல்லையா?” என்று அடுத்தவர். “கதை வேணும்னா சீரியல் பாரு” என்று இன்னொருவர். சவுதியில் லாரி ஓட்டும் ஒருவர், “ஒரு காலத்துல தாய்லாந்துப் படம்னா முழங்கை. இப்ப பேயும் காதலும்தான் எடுக்குறாங்க. அந்த முழங்கைக்காரப் பயலுவ எல்லாம் எங்க போனானுங்களோ” என்று வருத்தப்பட்டிருந்தார். அதன் பிறகு, முழங்கையால் இடித்தே ஆளைச் சாய்க்கும் அந்தப் படங்களுக்கு ‘முழங்கைப் படங்கள்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

ஒரு வீடியோவில் இசைவாணி ஒரு பொய் சொன்னாள். படப்பிடிப்புக் காட்சி ஒன்றில், ஆள் குதித்து விழவேண்டிய இடத்தில் தரையில் வெள்ளையாக ஏதோ கிடந்தது. சுண்ணாம்புக் குறியாக இருக்கலாம். சொல்ல எதுவும் இல்லாமல் வீடியோ அங்கே தொய்ந்தது. “உயரத்திலிருந்து குதிக்கும் ஸ்டண்ட்காரர்கள், தாங்கள் விழப்போகும் மண்ணில் ஒரு பிடி பச்சரிசியைத் தூவிவிட்டுத்தான் மேலே ஏறுவார்கள். மண் தங்களைத் தாங்கவேண்டும் என்று” எனச் சேர்த்துவிட்டாள்.

“இது ஒனக்கு யாரு சொன்னா?” என்று ரகுநாத் கேட்டான்.

“நான்தான் சொன்னேன்” என்று சிரித்தாள். அந்த வீடியோதான் எல்லாவற்றையும்விட அதிகம் ஓடியது.

அதைப் பார்த்துவிட்டு உண்மையாகவே பச்சரிசி தூவியவன் உதயசூரியன். வல்லத்திராக்கோட்டைக்காரன். புதுக்கோட்டையில் ஒரு ஜிம்மில் பயிற்சி கொடுத்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் அம்மா கண்ணாத்தாளோடு கடலை விவசாயம் பார்த்தான். அப்பா இல்லை. பம்ப்செட் அறையின் மேலிருந்து பின்பக்கமாகக் கரணம் போட்டுக் கடலைக்கொடிப் போரில் விழுவதை யாரையோ எடுக்கச் சொல்லி அவளுக்கு அனுப்பியிருந்தான். அந்த வீடியோவின் பின்னால், “அடேய், இடுப்பு ஒடிஞ்சா எவடா ஒனக்குக் கஞ்சி ஊத்துவா?” என்று கண்ணாத்தாள் கத்துவதும் கேட்டது. இசைவாணி அதைச் சத்தத்தோடு அப்படியே தன் சேனலில் போட்டாள்.

உதயன் வெறும் கரணம் போடுகிறவன் இல்லை. படங்களைப் பற்றி அவனுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. எல்லா வீடியோவின் கீழும் அதை எழுதுவான்: “அடிக்கிறவனப் பாக்காதீங்க. அடி வாங்குறவனப் பாருங்க. அவந்தான் நெசமா விழுறான்.” மற்றவர்கள் கேலி செய்தாலும் விடமாட்டான்.

ஜெரால்டு அந்தச் சமயத்தில்தான் வந்தான்.

அவன் வைத்திருந்த படத்தில் தொப்பி வைத்த ஆள், பின்னால் பெரிய கேமரா கிரேன். பெயருக்குக் கீழே ‘பாங்காக்’ என்று இருந்தது. சொந்த ஊர் காரைக்கால் பக்கம் என்றும், பல வருடமாக அங்கே ஸ்டண்ட் கம்பெனி ஒன்றில் வேலை என்றும் எழுதினான். அவன் யாரோடும் சண்டை போடவில்லை. கதை இல்லை என்றவரிடம், “உண்மைதான் சார், எங்க ஆளுங்களே கதையைக் கடைசியிலதான் யோசிப்பாங்க” என்றான். சவுதி லாரிக்காரரிடம், “அந்தப் பசங்க எங்கேயும் போகலண்ணே. பாதிப் பேர் டெலிவரி வண்டி ஓட்டுறாங்க, பாதிப் பேர் எங்ககூட இருக்காங்க” என்றான். ஒரு மாதத்துக்குள் கருத்துப் பகுதியில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும், “ஜெரால்டு அண்ணன் வரட்டும்” என்று காத்திருக்கத் தொடங்கினார்கள். இசைவாணிக்கும் பெருமையாக இருந்தது. தன் பீரோவுக்குள்ளிருந்து கிளம்பிய குரல் அந்த ஊர் ஸ்டண்ட்காரன் வரை போயிருக்கிறது.

பிறகு அவன் உதயனின் கரணத்தின் கீழே எழுதினான்: “இந்தத் தம்பி உடம்பில் பயமே இல்லை. எங்கள் கம்பெனி தாய்லாந்தும் தமிழும் சேர்ந்த ஒரு படம் எடுக்கிறது. தமிழ் பேசும் சண்டைப் பையன்கள் வேண்டும். மேடம் அனுமதித்தால் பேசுகிறேன்.” இசைவாணி அதை எல்லோரும் பார்க்கும்படி மேலே தூக்கி வைத்தாள்.

ஜெரால்டு உதயனிடம் பேசினான். விசா, டிக்கெட் எல்லாம் கம்பெனி செலவு. உதயன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆலங்குடிக்கு வந்தான். கண்ணாத்தாள் ஒரு பை நிறைய அவித்த கடலை கொண்டுவந்திருந்தாள். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

“ஏத்தா, அந்தாளு நல்லவருதானா? இவன் சொல்றது எனக்கு ஒண்ணும் வெளங்கல. நீ படிச்சவ. ஒனக்குப் பழக்கமான ஆளுங்கிறான்.”

“பழக்கம்தான்மா. தெனமும் நம்ம சேனல்ல பேசுறவருதான். பயப்படாம அனுப்புங்க.”

“நீ சொன்னாச் சரித்தா” என்று சொல்லிவிட்டு அப்போதுதான் உட்கார்ந்தாள்.

உதயன் திருச்சியில் விமானம் ஏறினான். பாங்காக்கில் இறங்கி ஒரு ஹோட்டல் அறையிலிருந்து படம் அனுப்பினான். வெள்ளைப் படுக்கை, ஜன்னலுக்கு வெளியே மேம்பாலம். மறுநாள் மத்தியானம் இசைவாணி ஜெரால்டோடு ஒரு பேட்டி பதிவு செய்ய ஏற்பாடு செய்திருந்தாள். இதுவரை எழுத்தில் மட்டும் இருந்தவன் முதல்முறையாகக் குரலில் வந்தான். முகத்தைக் காட்டவில்லை, நெட்வொர்க் சரியில்லை என்றான். வழவழப்பான, ஊர் எதுவும் ஒட்டாத குரல்.

அவள் வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். முழங்கைப் படங்கள் ஏன் குறைந்தன? “ஒரு காலத்துல தாய்லாந்துப் படம்னா முழங்கை மேடம். இப்ப பேயும் காதலும்தான்” என்றான். எங்கேயோ கேட்டதாக இருந்தது. அடுத்த கேள்விக்குப் போனாள். பெரிய உயரத்திலிருந்து குதிக்கும் நாளில் உங்கள் ஆட்கள் எப்படி இருப்பார்கள்?

“அன்னைக்கு எல்லாரும் அமைதியா இருப்போம் மேடம். குதிக்கிறவன் விழப்போற எடத்துல ஒரு பிடி பச்சரிசி தூவிட்டுத்தான் மேல ஏறுவான். மண்ணு தாங்கணும்னு. நானே எத்தனையோ தடவை தூவியிருக்கேன்.”

சேலைகளுக்குள் இருந்த தலையை இசைவாணி வெளியே எடுத்தாள். கீழே கடையில் ரகுநாத் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தான். ஒருவேளை உண்மையிலேயே அப்படி ஒரு வழக்கம் இருக்குமோ, தன் வாயில் தற்செயலாக வந்துவிட்டதோ என்று ஒரு கணம் நினைத்தாள். மறுபடி உள்ளே தலையை நுழைத்தாள். மெதுவாகக் கேட்டாள்.

“குதிச்சு முடிச்சவன அன்னைக்குப் பூரா யாரும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்களாமே, அப்படியா?”

இது அந்த நிமிடத்தில் அவள் கட்டியது.

“ஆமா மேடம். பழைய வழக்கம். பேரு சொன்னா அடுத்த குதியில ஆபத்துன்னு நம்பிக்கை. எவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்க!”

அவள் காதைக் கூர்மையாக்கிக்கொண்டாள். பின்னணியில் நிறையப் பேர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்வதுபோல் சடசடவென்று ஓர் ஒலி மட்டும் கேட்டது.

“மேடம்?” என்றான். பிறகு, “உங்க பசங்க நல்ல பசங்க மேடம். சொன்னா நம்புறாங்க” என்று சொல்லி அவனே துண்டித்தான்.

இசைவாணி அவனுடைய பழைய கருத்துகளை ஒவ்வொன்றாகத் திறந்து படித்தாள். இடுப்பெலும்பு முறிந்தும் அடுத்த நாள் வந்து நின்ற ஸ்டண்ட்காரனின் கதை, அவளுடைய வீடியோவில் அவளே சொன்னது. கதையைக் கடைசியில்தான் யோசிப்பார்கள் என்பது பெங்களூரிலிருந்து எழுதும் ஒருவரின் நையாண்டி. தாய்லாந்து ரசிகர்களே தங்கள் சண்டைப் படங்களை மதிப்பதில்லை என்ற ஆதங்கம் வேறொருவருடையது. ஜெரால்டு சொந்தமாக ஒரு வரிகூடச் சொல்லியிருக்கவில்லை. இவர்கள் பேசியதைப் பொறுக்கி, இவர்களிடமே திருப்பிக் கொடுத்திருக்கிறான். அவர்களும் அதை வாங்கிக்கொண்டு, எவ்வளவு தெரிந்த மனுஷன் என்று வியந்திருக்கிறார்கள்.

உதயனைக் கூப்பிட்டாள். எடுத்தான். வண்டி ஓடும் சத்தம்.

“அக்கா! சூட்டிங் ஸ்பாட்டுக்குப் போயிக்கிட்டிருக்கோம். காலையிலேர்ந்து ஒரே ரோடு. மலையா வருதுக்கா.”

“உதயா, நான் சொல்றத நல்லாக் கேளு. வண்டிய எங்கயாச்சும் நிறுத்தச் சொல்லி எறங்கிரு. டீ குடிக்கணும்னு சொல்லு, வயிறு சரியில்லன்னு சொல்லு. அந்த ஜெரால்டு ஸ்டண்ட்காரன் இல்ல.”

“என்னக்கா சொல்றீங்க?” என்று சிரித்தான். “டிக்கெட் போட்டுக் குடுத்தாரு, ஓட்டல்ல தங்க வச்சாரு.”

“வண்டியில வேற யாரு இருக்கா?”

“வடநாட்டுப் பசங்க ரெண்டு மூணு பேரு. ஒருத்தன் கேரளா.” அவன் குரல் சற்று இறங்கியது. “யாரும் சண்டை ஆளுங்க மாதிரி இல்லக்கா. கேரளாக்காரன் கம்ப்யூட்டர் வேலைக்குன்னு வந்தானாம். என்ன வேசம் குடுப்பாங்களோ.”

“எறங்கிரு உதயா. கூட்டமா இருக்குற எடமாப் பாத்து எறங்கிரு.”

வண்டி வேகம் குறையும் சத்தம் வந்தது. பிறகு மெதுவாக, “அக்கா, ஒரு ஆறு வருது. இங்கிட்டு ரோடே இல்ல. படகு நிக்குது. போனையெல்லாம் குடுக்கச் சொல்றாங்க, லொக்கேசன் வெளிய தெரியக்கூடாதாம்” என்றான். யாரோ அதட்டும் குரல் கேட்டது. இணைப்பு அறுந்தது. அதன் பிறகு அந்த எண் கிடைக்கவே இல்லை.

ரகுநாத் கடையைச் சாத்திவிட்டு அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு வல்லத்திராக்கோட்டைக்குப் போனான். கண்ணாத்தாள் களத்தில் கடலை காயவைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னபோது அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. “நீ பழக்கம்னு சொன்னியேத்தா” என்று மட்டும் கேட்டாள்.

மூவரும் புதுக்கோட்டையில் போலீசில் புகார் கொடுத்தார்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். விசாரித்த பெண் இன்ஸ்பெக்டர், “ஆத்துக்கு அந்தப் பக்கம் மியான்மர். பசங்கள அடைச்சு வச்சு, ஊர்ல இருக்கறவங்கள போன்ல ஏமாத்தச் சொல்லுவாங்க. சொன்னதச் செய்யலன்னா அடி, கரண்ட்டு. தூதரகத்துக்கு எழுதுறோம். எந்த எடம்னு தெரிஞ்சா வேகமா நடக்கும்” என்றார். எந்த இடம் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஜெரால்டு மறைந்துவிட்டான். இசைவாணி நடந்ததை வீடியோவில் சொன்னாள். பாதிப் பேர் அவளுக்காக வருந்தினார்கள். பாதிப் பேர், “ஆளுக்கு எவ்வளவு கமிஷன் வாங்குனீங்க அக்கா?” என்று எழுதினார்கள். வேறு சிலர் எதுவுமே நடக்காததுபோல், அடுத்த முழங்கைப் படம் எப்போது என்று கேட்டார்கள். சேனலை மூடிவிடலாம் என்றாள். “மூடாத. உதயன் எங்கேயாவது நெட்டு பாத்தா, அவனுக்குத் தெரிஞ்ச எடம் இதுதான்” என்று ரகுநாத் சொன்னான். அதனால் பேசிக்கொண்டே இருந்தாள். கண்ணாத்தாள் சந்தைக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து, கழற்றிப் போட்ட மோட்டார்களுக்கு நடுவே உட்கார்ந்து, “ஏதாச்சும் வந்துச்சாத்தா?” என்று கேட்டுவிட்டுப் போவாள்.

மழைக்காலம் முடிந்து வந்த ஒரு வீடியோவின் கீழே ‘பிரின்ஸ்’ என்ற புதிய பெயர் தென்பட்டது. கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன் படம். சினிமா கம்பெனி, வெளிநாட்டு வேலை, உடனே தொடர்பு கொள்ளவும் என்று பலருக்கும் ஒரே மாதிரி எழுதியிருந்தது. இசைவாணி அதை அழிக்கப் போனாள். அதற்குள் கீழே இன்னொரு வரி கண்ணில் பட்டது.

“அடிக்கிறவனப் பாக்காதீங்க. அடி வாங்குறவனப் பாருங்க. அவந்தான் நெசமா விழுறான்.”

அழிக்காமல் விட்டாள். அவனாகவே இருக்கலாம். ஜெரால்டு மாதிரி எவனோ அவன் வரியைத் திருடியும் இருக்கலாம். இரண்டுமே பயமாக இருந்தது. இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டு, வேலை தேடும் பெண்போல ஒரு போலிப் பெயரில் அவனுக்கு எழுதினாள். சினிமா என்றால் தனக்கு உயிர் என்றாள். அவன் பின்னால் யாராவது நின்று படிப்பார்கள் என்று தெரியும். அதனால், தனக்குப் பிடித்த காட்சி ஒன்றைச் சொல்வதுபோல, பம்ப்செட் மேலிருந்து ஒருவன் கடலைக்கொடிப் போரில் குதிப்பதாகவும், அவன் அம்மா கஞ்சியைச் சொல்லித் திட்டுவதாகவும் எழுதினாள். பதில் வர வெகுநேரம் ஆனது.

“நல்ல படம் மேடம். நானும் ஒரு படம் பாத்தேன். பேரு தெரியல. தமிழ்ல வரல.”

“கதை சொல்லுங்க.”

“ஹீரோவ ஆத்தங்கரையில ஒரு பெரிய கட்டடத்துல அடைச்சு வச்சிருக்காங்க. நீலத் தகரக் கூரை. வாசல்ல பாதி கட்டி நிறுத்துன ஓட்டல். ஜன்னல் வழியாப் பாத்தா ஆத்துக்கு அந்தப் பக்கம் தங்கக் கலர்ல ஒரு கோயில், பக்கத்துல செவப்பு வெள்ளை டவர். வில்லன் ஆளுங்க கையில கம்பு இல்ல, கரண்ட்டு. ஹீரோவுக்கு சண்டை தெரியும். ஆனா ஒரு எடத்துலயும் அடிக்க மாட்டான்.”

“முடிவு என்ன?”

“இன்னும் பாக்கல மேடம்.”

அதோடு அந்தக் கணக்கு நின்றுபோனது. இசைவாணி படித்ததை அப்படியே இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். அவர் மேலே அனுப்பினார். தூதரகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, டவரின் நிறத்தை இரண்டாம் முறையும் கேட்டு உறுதி செய்துகொண்டார். மாசி மாதம் அந்த எல்லையில் ராணுவம் புகுந்ததும், ஆயிரக்கணக்கானவர்கள் ஆற்றைக் கடந்து வந்ததும் செய்தியில் வந்தன. மீட்கப்பட்டவர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பினார்கள். அதில் ஒருவனாக உதயன் வந்தான்.

இடது காது கேட்கவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது. கண்ணாத்தாள் அவனைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இசைவாணியைப் பார்க்க அவன் ஒருமுறைதான் மாடிக்கு வந்தான். திறந்திருந்த பீரோவைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

“ஒருத்தன நான் வரவச்சுட்டேன்க்கா” என்றான்.

“யார?”

“கொடும்பாளூர்ப் பய. ராக்கன்னு பேரு. நம்ம சேனல்லதான் புடிச்சேன். எனக்கு ரெண்டு நாளு சோறு குடுக்காம, ஒரு ஆளாவது கொண்டான்னாங்க. அவன்கிட்டப் படத்தப் பத்திப் பேசுனேன். நம்பிட்டான்.” காதைத் தேய்த்துக்கொண்டான். “ராணுவம் வர்றதுக்கு முந்தியே அவன வேற கட்டடத்துக்கு மாத்திட்டாங்க. அங்கிட்டு யாரும் போகல.”

“அவங்க வீட்டுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சிருக்காது. ஞாயித்துக்கெழம மத்தியானம் வீட்டுக்குப் பேச விடுவாங்க. எழுதிக் குடுத்தத மட்டும் பேசணும். எல்லாருக்கும் ஒரே பேப்பருதான். அதப் பேசாதவனத்தான் பேச விட மாட்டாங்க.”

உதயன் அம்மாவோடு போனில் பேசாத காரணம் இசைவாணிக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் எழுதிக் கொடுத்ததைப் படிக்க மறுத்திருக்கிறான். காது அப்படித்தான் போயிருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறினார்கள். புதுக்கோட்டையில் மாறி, விராலிமலைப் பக்கம் போகும் வண்டியில் கொடும்பாளூரில் இறங்கினார்கள். மூவர் கோயிலுக்குப் போகும் பாதையில் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். ஊரில் எல்லோருக்கும் ராக்கன் வீடு தெரிந்திருந்தது. அவன் வெளிநாட்டில் சினிமாவில் இருக்கிறான் அல்லவா.

ராக்கனின் அப்பா ஆண்டியப்பன் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு வரவேற்றார். வாசலில் புதிதாகச் சிமெண்டு பூசியிருந்தது. உள்ளே ராக்கனின் தம்பி அழகு, புதுப் பெட்டி ஒன்றின் சக்கரத்தை உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எளையவனுக்கும் விசா வந்துருச்சுங்க. வர்ற வாரம் கெளம்புறான். அண்ணந்தான் ஏற்பாடு பண்ணுனான்” என்றார் ஆண்டியப்பன். “உக்காருங்க, நீங்க எங்கேர்ந்து வாரீங்க?”

உதயன் உட்காரவில்லை. தான் யார் என்று சொன்னான். பாங்காக், வண்டி, ஆறு, கட்டடம் என்று தொடங்கி, ராக்கனை அழைத்தது தான்தான் என்பது வரை மறைக்காமல் சொன்னான். ஆண்டியப்பனின் முகம் மெல்ல இறுகியது.

“தம்பி, ஒனக்கு அங்க ஒத்துக்கல, ஓடியாந்துட்ட. எம்மவனுக்கு நல்லது நடக்குது. அதப் பாக்கப் பொறுக்காமத்தான இம்புட்டுத் தூரம் வந்துருக்கீங்க?”

“ஐயா, இவரு சொல்றது உண்மை. நான் போலீசு வரைக்கும் போனவ” என்றாள் இசைவாணி.

“நீ யாரும்மா?”

“இந்தப் படங்களப் பத்திப் பேசுறவ. எம்பேச்சக் கேட்டுத்தான் இவரு போனாரு” என்றாள்.

“அப்ப எம்மவன் போன வாரம் சிரிச்சுச் சிரிச்சுப் பேசுனானே, அது என்ன பொய்யா?”

“இன்னைக்கும் பேசுவான். நாங்க வந்தத மட்டும் சொல்லிறாதீங்க” என்றான் உதயன். “சொன்னா அவனத்தான் அடிப்பாங்க.”

ஆண்டியப்பன் அவர்களை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தார். அப்போது போன் ஒலித்தது. எண் எதுவும் இல்லாத இணைய அழைப்பு. அவர் முகம் மலர்ந்தது. வீட்டில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டு, கட்டிலின் மேல் வைத்தார்.

“அப்பா, நல்லா இருக்கீங்களா?”

“நல்லா இருக்கோம் சாமி. நீ எப்புடிய்யா இருக்க?”

“நல்லா இருக்கேன்ப்பா. சாப்பாடெல்லாம் நம்மூரு சாப்பாடுதான்.”

ஆண்டியப்பன் வென்றவரைப் போல நிமிர்ந்து உதயனைப் பார்த்தார். உதயன் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தான். அவன் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு உற்றுப் பார்த்தார்.

உதயனின் உதடுகள், ‘கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனி’ என்றன.

“கம்பெனி ரொம்ப நல்ல கம்பெனிப்பா” என்றது போன்.

‘ரூம்ல ஏசி இருக்கு. வாரத்துல ஒரு நாளு லீவு.’

“ரூம்ல ஏசி இருக்கு. வாரத்துல ஒரு நாளு லீவு.”

பெட்டியின் அருகே இருந்த அழகு எழுந்து வந்தான். அவனும் பார்த்துவிட்டான். அண்ணன் குரல் வருவதற்கு முன்னால் அந்த அந்நியனின் வாயில் வார்த்தை வந்துகொண்டிருந்தது. ஓரிடத்தில் உதயன் சிரிப்பதுபோல உதட்டை இழுத்தான். அடுத்த நொடி போனில் ராக்கன் சிரித்தான். எந்த வேடிக்கைக்கும் அல்லாத, வெறும் சிரிப்பு.

‘தம்பிய எப்ப அனுப்புறீங்க? எடம் போயிரும்.’

“தம்பிய எப்பப்பா அனுப்புறீங்க? எடம் போயிரும்.”

ஆண்டியப்பன் கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கீழே உட்கார்ந்தார். போனுக்குள் மூச்சு வாங்குவது கேட்டது. அதற்குப் பின்னால், தூரத்தில், சடசடவென்று மழை மாதிரி ஓர் ஒலி.

“அப்பா? இருக்கீங்களா?” இது எழுதிக் கொடுத்த வரி இல்லை. உதயனின் உதடுகள் அசையவில்லை. “அப்பா?”

உதயன் கண்ணைத் திறந்து, பேசுங்கள் என்று பெரியவரிடம் கையால் காட்டினான்.

“இருக்கேன் சாமி” என்றார் ஆண்டியப்பன். குரலைச் செருமிக்கொண்டார். “தம்பிய அனுப்புறேன்ய்யா. கண்டிப்பா அனுப்புறேன். பாஸ்போர்ட்டுல அவன் பேரு தப்பா அடிச்சிருக்காம், மாத்திக் குடுக்கக் கொஞ்சம் நாளாவுமாம். அங்க சொல்லு. நாங்க அனுப்பாம இருக்க மாட்டோம்னு சொல்லு. நீ அவுக சொல்றபடி கேட்டு நடந்துக்க. என்ன?”

“சரிப்பா.”

“சோறு தின்னுடா.”

“சரிப்பா” என்றது போன். அறுந்தது.

அழகு பெட்டியைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். ஆண்டியப்பன் போனை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டு இருந்தார். பிறகு எழுந்து, கொடியில் கிடந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். உதயன் போய்ச் சரியாகப் போட்டுவிட்டான்.

“யாருகிட்டம்மா போகணும்? இப்பவே போவோம்” என்றார்.

இசைவாணி இன்ஸ்பெக்டரின் எண்ணை அழுத்தினாள். நால்வரும் பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். வழியில் டீக்கடைக்காரர், “என்ன ஆண்டியப்பா, எளையவனும் சினிமாவுக்குக் கெளம்பிட்டானா?” என்று உரக்கக் கேட்டார். ஆண்டியப்பன் நிற்காமல் நடந்தார்.